கண்டிப்பாகச் சொல்வோம் மேடம்

அடுத்தவர் வீட்டைச் சோதித்துப் பார்ப்பது என் வேலையில் பாதி. வங்கியில் கடன் பிரிவு. கடன் கேட்டு வருபவரின் வீட்டுக்கும் கடைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். கடையில் நிஜமாகவே விற்கிற சரக்கு எது, நான் வருகிறேன் என்பதற்காகப் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி அடுக்கியது எது என்று வாசலிலேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு 2017-ல் ஒரு சமூகப் பணியாளர் சோதிக்க வருகிறார் என்றால் என்ன செய்திருப்பான்? சரக்கை அடுக்கினான்.

குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்திருந்தோம். அப்போது தஞ்சாவூரில் இருந்தோம். தெரிந்த நர்ஸ், தெரிந்த ஆஸ்பத்திரி என்று குறுக்கு வழி சொல்ல ஆள் வந்தார்கள். அது குற்றம் என்பது தெரியும், அந்தப் பக்கம் போகவில்லை. மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு. பான் அட்டை, வருமானச் சான்று, திருமணச் சான்று, மருத்துவச் சான்று, நம்மை அறிந்த இருவரின் கடிதம். கணவன் மனைவி வயதைக் கூட்டினால் ஒரு வரம்புக்குள் அடங்க வேண்டும். நாலு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அன்றைய விதிப்படி அது 90. (2022-ல் வந்த புது விதிகளில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 85 ஆகிவிட்டது.) நாங்கள் அடங்கினோம். அதன்பிறகு வருவதுதான் ஹோம் ஸ்டடி. தத்தெடுப்பு மையத்தின் சமூகப் பணியாளரோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆளோ வீட்டுக்கு வந்து, எல்லாரிடமும் பேசி அறிக்கை எழுதுவார்கள். எழுதி முடிக்க அன்றைக்கு 30 நாள், இப்போது 60 நாள். அறிக்கை மூன்று வருஷம் செல்லும். அது இல்லாமல் எந்தக் குழந்தையின் விவரமும் நம் கண்ணுக்கு வராது.

சொந்த வீடு இருக்க வேண்டும், ஏ.சி. இருக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு நம்பிக்கை வெளியே உலவுகிறது. விதியில் அப்படி எதுவும் கிடையாது. உடலாலும் மனத்தாலும் வருமானத்தாலும் குழந்தையை வளர்க்கத் திராணி இருக்கிறதா, குறைந்தது இரண்டு வருஷமாவது நிலையாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்களா என்றுதான் பார்க்கிறார்கள். இது தெரிந்தும் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தது, அதன்மேல் இரும்புக் கம்பி வைத்தேன். செய்ததிலேயே அதுதான் உருப்படியான காரியம். குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் நாலைந்து வாங்கினேன். புத்தம்புதிதாக இருந்தால் சந்தேகம் வரும் என்று முதுகை மடக்கி, பக்க ஓரங்களை விரலால் தேய்த்துப் பழசாக்கி, பென்சிலால் அங்கங்கே அடிக்கோடும் போட்டேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

அம்மாவைத் தயார் செய்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. எங்களோடுதான் இருந்தாள். கூட இருப்பவர்களிடமும் பேசாமல் விடமாட்டார்கள். “எந்த வயித்துல பொறந்ததோ, என்ன ரத்தமோ” என்பது அம்மாவின் கட்சி. “கேட்டா, எங்க வீட்டு வாரிசு, நான் பாத்துக்குவேன்னு மட்டும் சொல்லும்மா, வேற வாயே திறக்காத” என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

வந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். வெள்ளையடிப்பையும் பார்க்கவில்லை, புத்தகத்தையும் எடுக்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். அம்மா நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “பாட்டி, ராத்திரில குழந்தை அழுதா நீங்க எந்திரிப்பீங்களா?” என்று கேட்டார். இதை நான் சொல்லித்தரவில்லை. அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்து, “அழுதா எந்திரிக்காம?” என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் ஒத்திகை இல்லாமல் வந்த பேச்சு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு எங்களைத் தனித்தனியே உட்காரவைத்துப் பேசினார். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை யார் பார்ப்பார்கள். நீங்கள் வளர்ந்தபோது அப்பா அடிப்பாரா. ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அப்புறம், “குழந்தை பிறக்கலைங்கிற வருத்தத்துலேர்ந்து எப்படி வெளிய வந்தீங்க சார்?” என்றார். “ரெண்டு பேருக்குமே சின்னச் சின்னப் பிரச்சினை மேடம். அதை ஏத்துக்கிட்டோம்” என்றேன்.

ரெண்டு பேருக்கும் இல்லை. எனக்குத்தான். விந்தணு ரிப்போர்ட் என் பெயரில்தான் இருந்தது. மனைவிக்கு ஒரு குறையும் இல்லை என்று இரண்டு டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் தெருவில், சொந்தத்தில், அலுவலகத்தில் எல்லாரும் அவளிடம்தான் குறை என்று எடுத்துக்கொண்டார்கள். கோயில் கோயிலாகப் போகச் சொன்னதும் அவளைத்தான், வளைகாப்பு வீடுகளில் ஓரமாக உட்காரவைத்ததும் அவளைத்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் திருத்தவில்லை. அம்மாவுக்குக்கூட வெகுநாள் தெரியாது. அதே பொய்யைத்தான் சமூகப் பணியாளரிடமும் சொன்னேன், கொஞ்சம் பாலிஷ் போட்டு. அடுத்த அறையில் மனைவி என்ன சொன்னாளோ, என்னிடம் இன்றுவரை சொன்னதில்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

கடைசியில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, குழந்தையிடம் தத்தெடுத்ததைச் சொல்வீர்களா, எப்போது, எப்படி என்று கேட்டார். நான் ஜொலித்த இடம் இதுதான். விவரம் தெரியும் முன்பே கதைபோலச் சொல்ல ஆரம்பிப்போம், தத்து என்ற வார்த்தை குழந்தைக்கு அந்நியமாக இருக்கக்கூடாது, வேறு யாரோ சொல்லி அவளுக்குத் தெரியக்கூடாது, இப்படி இரண்டு நிமிஷம் பேசினேன். அடிக்கோடு போட்ட வரிகள் கைகொடுத்தன. “கண்டிப்பா சொல்வோம் மேடம்” என்று முடித்தேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் அதை முழுசாக நம்பித்தான் சொன்னேன். வெள்ளையடித்ததும் அம்மாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் பொய் என்று எனக்கே தெரியும். இது உண்மை என்று நினைத்திருந்தேன்.

என் மகளுக்கு இப்போது ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. அவளுக்குத் தெரியாது.

2019-ல் வந்தாள். இணையதளத்தில் ஒரு படம், குழந்தையைப் பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை. 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். படம் திறந்த நிமிஷமே மனைவி முடிவு சொல்லிவிட்டாள். எந்த ஊரில், எந்த மையத்திலிருந்து வந்தாள் என்று இங்கே எழுதப்போவதில்லை. அதை முதலில் கேட்க வேண்டியவள் அவள்தான். பத்து மாதக் குழந்தை, காதுக்குப் பின்னால் சிரங்கு, யார் தூக்கினாலும் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகும். “எந்திரிக்காம?” என்று கேட்ட அம்மா முதல் ராத்திரியே எழுந்தாள். பிறகு அவளைத் தவிர யார் தூங்கவைத்தாலும் தூங்காது என்ற நிலை வந்தது. ஒரு வார்த்தை அம்மா ரத்தத்தைப் பற்றிப் பேசியதில்லை.

மனைவி வாக்கைக் காப்பாற்றினாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே அவளாக இட்டுக்கட்டிய ஒரு கதையைச் சொல்வாள். கார் எடுத்துக்கொண்டு போனோம், மழை பெய்தது, ஒரு அம்மா உன்னை வயிற்றில் வைத்திருந்தாள், இந்த அம்மா உன்னைத் தேடி வந்தாள் என்று போகும். குழந்தை பேச ஆரம்பித்து, ஒருநாள் மாடிவீட்டுக்காரர் முன்னால் “மழை, காரு, தேடி வந்தா” என்று மழலையில் சொன்னது. அவர் சும்மா சிரித்தார். எனக்கு வியர்த்துவிட்டது. அன்று ராத்திரி, “இனிமே அந்தக் கதை வேண்டாம், ஸ்கூல் போகட்டும், பாத்துக்கலாம்” என்றேன். அவள் சண்டை போட்டாள். நான் குரலை உயர்த்தினேன். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு நான் சொல்லியிருந்த பதில் இதுவல்ல. ஆக, நாங்கள் சொல்லவில்லை என்று எழுதினால் அவள்மேல் அபாண்டம். நான் சொல்லவிடவில்லை.

அதோடும் நிற்கவில்லை. தஞ்சாவூரில் தெருவுக்கே தெரியும். கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தேன், காரணம் என்ற இடத்தில் குழந்தையின் கல்வி என்று போட்டேன். புது ஊரில் எங்களைத் தெரிந்தவர் கிடையாது. பிறப்புச் சான்றிதழும் தோதாக அமைந்தது. நீதிமன்ற ஆணை வந்தபிறகு தரும் சான்றிதழில் பெற்றோர் என்று எங்கள் பெயர்தான் இருக்கும், தத்து என்ற வார்த்தையே வராது. (2022 செப்டம்பருக்குப் பிறகு அந்த ஆணையை மாவட்ட ஆட்சியர் தருகிறார்.) குழந்தையை ஊரார் வாயிலிருந்து காக்கச் சட்டம் செய்த ஏற்பாடு அது. நான் அவளிடமிருந்தே மறைக்க அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

நான்கு வயதில் அவளுக்கு இழுப்பு வந்தது. குழந்தை டாக்டர், அவள் என் மடியில் இருக்க, “அப்பா, அம்மா சைடுல யாருக்காவது வீசிங், ஆஸ்துமா உண்டா?” என்று கேட்டார். “இல்லை டாக்டர்” என்றேன், யோசிக்கவே இல்லை. அவர் எழுதிக்கொண்டார். எனக்கும் என் மனைவிக்கும் இல்லைதான். கேள்வி எங்களைப் பற்றியதல்லவே. சாயங்காலம் மனைவி மாடிக்குப் போய் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அடுத்தமுறை போனபோது அந்த வரி அடிக்கப்பட்டு, தெரியவில்லை என்று எழுதியிருந்தது. டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, வழக்கம்போல மருந்தை விளக்கினார். அந்தக் கால்மணி நேரம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த வருஷம் பள்ளியில் பிறந்ததிலிருந்து வருஷத்துக்கு ஒரு படம் ஒட்டிவரச் சொன்னார்கள். “நான் குட்டிப் பாப்பாவா இருந்த போட்டோ ஏன்ப்பா இல்ல?” என்றாள். “பழைய போன் தொலைஞ்சு போச்சுடா.” எவ்வளவு சுலபமாக வந்தது! அதற்குப் பிறகு அவள், எந்த பஸ்ஸில் தொலைந்தது, போலீசில் சொன்னீர்களா, யார் எடுத்திருப்பார்கள் என்று துருவித் துருவிக் கேட்க, இல்லாத போனுக்கு நிறம்கூடச் சொன்னேன்.

குழந்தையின் மனசு நோகக்கூடாது என்று மறைத்தேன் என்பேன், யாராவது கேட்டால். மனைவியிடம் அப்படித்தான் சொல்லிவந்தேன். உண்மை அதுவல்ல. தத்துக் குழந்தை என்றால் அடுத்த கேள்வி யாருக்குக் குறை என்பது. புது ஊரில் அந்தக் கேள்வி வேண்டாம் என்றிருந்தது. ஏழு வயசுப் பெண்ணின் பிறப்புக் கதையைப் பூட்டிவைத்தது நாற்பதைத் தாண்டிய ஒருவனின் கௌரவத்துக்காக. அன்று அந்த மேடம் கேட்டபோது ரிப்போர்ட் என் பெயரில் இருப்பதை அவரிடமாவது சொல்லியிருந்தால், அழ வேண்டியதை அழுது முடித்திருப்பேன். அவர் அதற்காகத்தான் கேட்டார் என்பது இப்போது புரிகிறது. சோதிக்க வந்தவர் என்றே அவரைக் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஆலோசனை சொல்வதும் அவர் வேலை.

ஒரே ஒரு விஷயம் விதிகளைப் பற்றி. குழந்தை வந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருஷம் வந்து பார்க்கிறார்கள். தடுப்பூசி, எடை, பேச்சு எல்லாம் கேட்டார்கள். எங்களுக்கு அது 2021-ல் முடிந்தபோது அவளுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. கைக்குழந்தையாக வரும் பிள்ளை கேள்வி கேட்க ஆரம்பிக்கும் வயதில் விசாரிக்க யாரும் வருவதில்லை. ஐந்து வயதில் ஒருமுறை, எட்டு வயதில் ஒருமுறை வந்து, சொல்லிவிட்டீர்களா என்று கேட்டால் என்னைப் போன்றவர்கள் மாட்டுவோம். ஆனால் வந்திருந்தாலும் நான் வெள்ளையடித்திருப்பேன்.

18 வயதானால் தன் வேரைத் தேட அவளே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்பென்றால் எங்களோடு சேர்ந்து. பெற்ற தாயின் அந்தரங்கம் கெடாமல், என்ன சொல்ல முடியுமோ அதைச் சொல்வார்கள். தேட வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதே தெரியாத பிள்ளைக்கு இந்த உரிமையால் என்ன பிரயோஜனம்?

இப்போது அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். பஸ் போர்டு, மளிகைப் பொட்டலம், என் செல்போன் திரை எதுவும் தப்புவதில்லை. பீரோவில் பச்சை ஃபைலில் நீதிமன்ற ஆணை இருக்கிறது. அதை வங்கி லாக்கருக்கு மாற்றலாமா என்று போன மாதம் யோசித்தேன். அம்மாதான், “எப்படா சொல்லப்போற? நான் இருக்கறப்பவே சொல்லு. அழுதா தூக்கிக்க ஆள் வேணாமா?” என்று கேட்டாள். என்னிடம் ஒத்திகை வாங்கிய அதே அம்மா.

பெயர் போடாமல் இதை எழுதுவதும் ஒளிந்துகொள்வதுதான். மகளுக்குத் தெரிவதற்கு முன் ஊருக்குத் தெரியக்கூடாது என்று ஒரு நியாயம் சொல்லிக்கொள்கிறேன்.

தத்தெடுப்பு மையத்துக்கு மனைவி போன் செய்தாள். ஏழு வயதில் சொல்வது தாமதம், ஆனால் முடியாத காரியமில்லை, முதலில் நீங்கள் இருவரும் வாருங்கள், எப்படிச் சொல்வதென்று பேசலாம் என்றார்களாம். ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார்கள். அன்று கிளையில் ஆடிட், விடமாட்டார்கள் என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். அந்த வாரம் எங்கள் கிளையில் ஆடிட் எதுவும் இல்லை. வேறு தேதி வாங்கியிருக்கிறாள், எனக்கு எது தோது என்று இந்தமுறை கேட்கவில்லை.