பூட்டிய வீடும் பொறுப்பும்

1613இல் ஒல்லாந்தர் கோட்டை கட்டுமுன்பே பழவேற்காட்டு முஸ்லிம்கள் கடல்வணிகத்தில் சிறந்திருந்தனர். கடல் கடந்து பொருளீட்டல் இவ்வூர்க்குப் புதிதன்று. விட்டுச்சென்ற வீட்டைப் பேணுவதே இன்றைய கவலை.

வாடகைக்கு விட்டால் வீடு கைநழுவுமென அஞ்சிச் சிலர் பூட்டிவிடுகின்றனர். உப்புக்காற்று கீல்களைத் தின்றுவிடுகிறது. வேறு சிலர் ஒத்திக்குத் தருகின்றனர். கடன் கொடுத்தவர் வாடகையின்றி அவ்வீட்டில் குடியிருப்பது வட்டியின் மறுவடிவமே என்பது மார்க்க அறிஞர் பலரின் தீர்ப்பு.

நேரிய வழி இஜாரா. அது வீட்டை விற்பதன்று. குறித்த காலத்திற்கு அதன் பயனை அளிப்பது. ஆதலின் காலமும் வாடகையும் முன்னரே தெளிவாதல் வேண்டும். 2019இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் ஒப்பந்தத்தை எழுதிப் பதியச் சொல்கிறது. வெளிநாட்டில் வாழும் உரிமையாளருக்கு வாடகை தருவோர் வருமானவரியைப் பிடித்துச் செலுத்தவேண்டும் என்பதையும் இருதரத்தாரும் அறிக.

ஒரு மழைக்காலத்தில், ஒழுகும் ஓட்டின்கீழ்க் கைக்குழந்தையுடன் ஒரு குடும்பம் இரவெல்லாம் விழித்திருந்ததை நாம் கண்டோம். உரிமையாளரோ ஜித்தாவில், ஓடு மாற்ற இங்கே ஆளில்லை. கூரையைச் செப்பனிடல் வாடகை பெறுபவரின் கடமையன்றோ? அன்பர்களே, பயணம் புறப்படுமுன் உள்ளூரில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவியோடு செப்பனிடும் செலவுக்கும் பணம் ஒப்படைத்துச் செல்லுங்கள்.