கை தூக்கினால் நூறு புள்ளி

07.07.2025, திங்கள், கிளிநொச்சி
கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது. பின்னேரப் பயிற்சியில் 5000 மீற்றர் ஓடுகிற பெடியன் ஒன்பதாவது சுற்றில் தள்ளாடி விழுந்தான். நிழலில் கிடத்தி, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றினோம். தெளிந்ததும், எப்போதிருந்து தலை சுற்றியது என்று கேட்டேன்.
“ஆறாவது சுத்திலயே, சேர். சொன்னா ரீமில இருந்து எடுத்துப்போடுவீங்கள் எண்டு பயம்.”
அந்தப் பயத்தை வளர்த்தது நான்தான்.

08.07.2025, செவ்வாய்
இரவு நித்திரையில்லை. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தில் மரதன் ஓடிய மாணவன் ஒருவன் இறந்தது நினைவில் நின்றது. உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டிப் பேச்சுத் தடுமாறினால் உயிராபத்து. உடனே உடம்பைக் குளிர்விக்க வேண்டும், 1990 அம்புலன்சை அழைக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், மனதில் ஏறவில்லை. அவர்களுடைய பேச்செல்லாம் ஃப்ரீ ஃபயர் கேம்தான். அதில் உயிர்க்கோடு குறைந்தால் ஒளிந்திருந்து மருந்து போடுகிறார்கள். கேமில் ஒதுங்கத் தெரிந்த பிள்ளைக்கு மைதானத்தில் ஒதுங்கத் தெரியவில்லை.

11.07.2025, வெள்ளி
கேமாலேயே இதைப் பழக்கலாமா என்று கணனி ரீச்சரிடம் கேட்டேன். 2011இல் வந்த ‘மேடன் என்எஃப்எல் 12’ என்ற அமெரிக்கக் கால்பந்து கேமில், தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்த வீரன் அந்த ஆட்டத்தில் திரும்ப இறங்கவே முடியாதாம். “நாங்களும் ஸ்கிராட்ச் மென்பொருளில ஒரு கேம் செய்து பாப்பம், சேர்” என்றார்.

16.07.2025, புதன்
பிள்ளைகளே செய்துவிட்டார்கள். ஓடுகிற உருவம், மேலே தண்ணீர்க் கோடு, வெப்பக் கோடு. தலை சுற்றினால் இரண்டு பொத்தான்கள்: ‘ஓடு’, ‘சேரிட்டச் சொல்லு’. முதலில் எல்லாரும் ‘ஓடு’தான் அமத்தினார்கள்; சொல்வதற்குப் புள்ளி வைக்கவில்லை. பிறகு அதற்கு 50 வைத்தோம். ஒரு பிள்ளை எழும்பி, “மயங்கிறவருக்குத் தான் மயங்கிறது தெரியாதே, சேர். பக்கத்தில ஓடுறவர் கை தூக்கினா நூறு குடுப்பம்” என்றாள். நான் யோசிக்காதது அது.

21.07.2025, திங்கள்
பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு மாற்றிவிட்டேன். உதைபந்தாட்டத்தில் இரண்டு தலைகள் மோதின. கூட இருந்தவன் உடனே கை தூக்கினான்: “சேர், இவன் எங்கட கோல் எந்தப் பக்கம் எண்டு கேக்கிறான்.” அடிபட்டவனை வெளியே எடுத்து வைத்தியரிடம் அனுப்பினேன். அணிப் பட்டியலில் அவன் பெயர் அப்படியே இருக்கிறது. அதை எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினேன்.
கேம் பிள்ளைக்குச் சொல்லப் பழக்கும். சொன்ன பிள்ளையின் இடத்தைக் காக்க வேண்டியது பயிற்றுநர்களாகிய நாங்கள்.