முன்னிழை

நம் கல்லூரியின் விழா மலருக்கு எழுதப் புகும் பழைய மாணவர் பெரும்பாலும் ஆசிரியர்தம் பெருமையையும், துடுப்பாட்டப் போட்டிகளையும், விடுதிச் சோற்றின் சுவையையும் பற்றியே எழுதுவர். அவற்றை என்னினும் நன்கு எழுதவல்லார் பலர் உளர். ஆதலின் யான் இரண்டடி நீளமுள்ள ஒரு நூலைப் பற்றி எழுதத் துணிந்தேன். தூண்டில் முள்ளுக்கும் சுருளிலிருந்து வரும் பெருநூலுக்கும் இடையே முடிந்து விடப்படும் சிறு துண்டு அது. கனடாவில் ஆற்றுமீன் பிடிப்போர் அதனை லீடர் என்பர். இக்கட்டுரையில் அதனை முன்னிழை என வழங்குகிறேன், மலராசிரியர் பொறுத்தருள்க.

எனது ஊர் சொறிக்கல்முனை. கல்முனைக்கு மேற்கே, வயல்வெளிகளுக்கு நடுவே, திருச்சிலுவைத் திருத்தலத்தைச் சூழ அமைந்த கத்தோலிக்கக் கிராமம். அயலிற் சைவத் தமிழரின் ஊர்கள். கரையோரமாக முஸ்லிம் மக்கள் வாழும் பட்டினங்கள். ஜெபமாலையுடன் வளர்ந்த பிள்ளை இந்துக் கல்லூரிக்குச் சென்று காலைதோறும் தேவாரம் கேட்டதில் எங்கள் பகுதியில் எவரும் புதுமை கண்டிலர். கல்முனையிலிருந்து ஊருக்கு வரும் வழியிற் கிட்டங்கித் தாம்போதி உண்டு. மாரியில் வெள்ளம் அதனை மூடிப் பாயும். வெள்ளம் வடிந்தபின் அவ்விடத்தில் தூண்டிலோடு நில்லாத ஆண்பிள்ளைகள் சிலரே.

அக்காலத்தில் எங்களுக்கு நூல் என்றால் தங்கூசி. கல்முனைக் கடைத்தெருவிற் காக்கா ஒருவரின் கடையில் வாங்குவோம். “தம்பி, விராலுக்கா, கொடுவாவுக்கா?” என்று கேளாமல் அவர் ஒரு முழமும் அளந்து கொடுத்ததில்லை. இன்று எத்துணையோ நிறுவனங்களின் விளக்கக் குறிப்புகளைப் படித்துவிட்டேன். அவரது கேள்வியினும் சுருக்கமாக இப்பொருளைச் சொன்ன குறிப்பு ஒன்றையும் கண்டிலேன்.

கொடுவா வாவியிலும் ஆற்றிலும் வளர்ந்து, முட்டையிடுதற்பொருட்டுக் கடல்முகம் நாடிச் செல்லும் மீன். அதன் செவுள்மூடியின் ஓரம் சவர அலகுபோற் கூரியது. முள் தைத்ததும் தலையை உதறும். அந்த உதறலில் மெல்லிய நூல் இருந்த இடம் தெரியாது. “மனே, கொடுவாட வாய்க்குப் பயப்படாத, செவுளுக்குப் பயப்படு” என்பார் என் தந்தையார். ஆகவே முள்ளை அடுத்த ஒரு முழத்துக்கு, கையிலுள்ள நூலைவிட இருமடங்கு தடித்த தங்கூசியை அவர் முடிவார். எங்கள் ஊர் முன்னிழை பெருநூலினும் வலியது. மீனை இழத்தல் அன்றிரவுக் கறியை இழத்தல். ஆதலின் அறுந்துபோகக்கூடிய இடம் ஒன்றைத் தூண்டிலில் வேண்டுமென்றே வைப்பது என்பது அவர் கனவிலும் கருதாத செய்தி.

1990 இல் கிழக்கிலங்கையில் நிகழ்ந்தவற்றின் பின்னர், பலரைப் போல யானும் கனடா வந்து சேர்ந்தேன். றொறன்ரோவுக்கு மேற்கே மிசிசாகா நகரினூடாக ஓடி ஒன்ராறியோ ஏரியிற் கலக்கும் கிறெடிற் ஆறு என் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. ஆவணி பிறந்து புரட்டாசி முதிரும் வரை, ஏரியில் வளர்ந்த சமன் மீன்கள் முட்டையிடுவதற்காக அவ்வாற்றில் மேலேறும். ஊரிலே திருச்சிலுவைத் திருவிழாவான செப்டெம்பர் 14 ஆம் நாளை ஒட்டியே அங்கு ஆற்றோரமும் களைகட்டும். கொடுவா இறங்குவது போல் இம்மீன் ஏறுகின்றது.

விடுதியில் நம்மவர்க்குப் பரிமாறப்பட்ட ‘சமன் ரின்’ நினைவில் உள்ளோர் இங்குச் சற்று நகைக்கலாம். அந்தத் தகரத்துள் இருந்தது பெரும்பாலும் சமன் மீனே அன்று. கானாங்கெளுத்தி போன்ற வேறொரு கடல்மீன். மெய்யான சமனை நேரிற் கண்டபோது, இத்துணைக் காலமும் பெயரளவில் மட்டும் அறிந்த ஒருவரை முதன்முறை சந்தித்தது போல் இருந்தது.

அம்மீனும் அவ்வாற்றின் பழங்குடி அன்று. ஒன்ராறியோ ஏரிக்கே உரியதாயிருந்த அத்திலாந்திக் சமன், ஆலைகளுக்காக ஆறுகளை மறித்த அணைகளாலும், காடழிப்பாலும், மிகையான பிடிப்பாலும் குறைந்து குறைந்து 1898 அளவில் அற்றே போயிற்று. நம் பட்டிப்பளை ஆற்றைக் கல்லோயாத் திட்டம் மறித்த வரலாற்றை அறிந்தவர்க்கு, அணையொன்று ஆற்றின் போக்கை மட்டுமன்றி அதன் குடிகளையும் மாற்றும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1960களின் பிற்பகுதியிற் பசிபிக் கரையோரத்துச் சமன் இனங்களின் குஞ்சுகள் அந்த ஏரியில் விடப்பட்டன. இன்று கிறெடிற் ஆற்றில் ஏறும் மீன்களிற் பெரியதாகிய சினூக், அவ்வாறு வந்து குடியேறியவற்றின் வழித்தோன்றலே. இருபது இறாத்தல் நிறையுள்ள சினூக் அங்கு அரிதன்று.

இருபது இறாத்தல் மீனுக்கு எத்துணை வலிய நூல் வேண்டும்? என் தந்தையாராயின் ஐம்பது இறாத்தல் தாங்கும் நூலைத் தேடுவார். கிறெடிற் ஆற்றங்கரையில் அனுபவமுடையோர் கட்டும் முன்னிழையோ எட்டு முதற் பன்னிரண்டு இறாத்தல் வரை மட்டுமே தாங்குவது! முதலில் இது எனக்குப் புதிராகவே இருந்தது. நீரில் மிதக்கும் மீனின் நிறை நூலில் ஏறுவதில்லை; அதன் இழுப்பே ஏறும். வளையும் நீண்ட தடியும், குறித்த இழுப்புக்கு மேல் நூலை விட்டுக்கொடுக்கும் சுருளின் தடையும் அவ்விழுப்பைத் தாங்கிக்கொள்ளும். நூல் தாங்கும் அளவில் நாலில் ஒன்று அல்லது மூன்றில் ஒன்றுக்கே தடையை இறுக்குதல் வழக்கம். கையில் வெறுங்கயிறு பிடித்து மீனோடு மல்லாடிய எங்களுக்கு இந்த உதவிகள் இருக்கவில்லை.

மெல்லிய நூல் வேண்டப்படுவது மீனின் கண்ணை அஞ்சி. ஆற்றில் ஏறத் தொடங்கிய சமன் இரை தேடுவதை விட்டுவிடுகின்றது. பசியில்லாத மீன் முன்னே மிதந்து வரும் மீன்சினையைக் கவ்வுவது பழக்கத்தாலோ சினத்தாலோதான். அத்தகைய மீனுக்கு ஐயம் எழுப்ப ஒரு சிறு பளபளப்பே போதும். எனவே, பெருநூல் பன்னிரண்டு அல்லது பதினைந்து இறாத்தலாயிருக்க, அதனினும் மெலிந்த நூலை முள்ளின் அருகே ஒன்றரை அல்லது இரண்டடி நீளம் கட்டுவர். அடிப்பாறையில் முள் சிக்கினும் அச்சிறு துண்டும் முள்ளுமே போகும். மிதவையும் ஈயமும் மீளும். ஊரில் முள்ளருகே தடித்த நூல். இங்கே முள்ளருகே மெலிந்த நூல். ஒரே இடத்தில் ஒரே முடிச்சு, நோக்கம் நேர்மாறு.

இந்நூல் வந்த வழி சுவையுடையது. முற்காலத்துச் சமன் வேட்டைக்காரர் குதிரைமயிரைத் திரித்துக் கட்டினர். பின்னர்ப் பட்டுப்புழுவைப் புளிங்காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டி உலர்த்திய இழை வழக்குக்கு வந்தது. இசுப்பானியாவின் மூர்சியாப் பகுதி இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. அவ்விழையின் ஒவ்வொரு துண்டும் குறுகியது. பல துண்டுகளை முடிந்தே ஒரு முன்னிழை ஆக்கவேண்டும். கட்டுமுன் நனைத்து மென்மையாக்கவும் வேண்டும். 1938 இல் அமெரிக்காவின் துப்பொன் நிறுவனம் நைலோனை அறிவித்த பின்னர் அத்தொழில் மெல்ல மறைந்தது. 1971 இல் யப்பானின் குரெஹா நிறுவனம் புளோரோகாபன் என்னும் பிறிதோர் இழையை மீன்பிடிக்குக் கொண்டுவந்தது. இன்று முன்னிழை தேர்வோர் முன்னுள்ள வழக்கு நைலோனா, புளோரோகாபனா என்பதே.

இவ்விடத்தில் நம் பௌதிக ஆசிரியரை நினையாமல் இருக்க இயலவில்லை. கண்ணாடிக் குவளை நீரில் ஒரு கோலைச் சாய்த்து வைத்து, அது ஒடிந்தது போல் தோன்றுவதைக் காட்டி முறிவுச் சுட்டியைக் கற்பித்தார். தூண்டில் நூல் வாங்கும் நாளில் அப்பாடம் உதவும் என்று வகுப்பில் எவர்தாம் எண்ணினோம்? நீரின் முறிவுச் சுட்டி 1.33. புளோரோகாபனின் சுட்டி ஏறத்தாழ 1.42; நைலோனுடையது 1.53 அளவினது. நீரின் சுட்டியோடு நூலின் சுட்டி நெருங்க நெருங்க ஒளி குறைவாகத் திரும்பும். நூலும் குறைவாகப் புலப்படும். ஆயினும் 1.42 என்பது 1.33 அன்று. ‘கண்ணுக்கே தெரியாத நூல்’ என்று விளம்பரம் செய்வோர் நம் ஆசிரியரின் வகுப்பில் இருந்தாரல்லர். என் கருத்தில், நூலின் பொருளைவிட அதன் தடிப்பே மீனுக்கு மிகுதியும் புலப்படும்.

புளோரோகாபனை யான் விரும்புவது வேறு காரணங்களுக்காக. நைலோன் நீரை உறிஞ்சி வலிமையிற் சிறிது குறையும். வெயிலிற் கிடந்தால் நலியும். இழுத்தால் நன்கு நீளும். புளோரோகாபன் நீரை உறிஞ்சாது. நீரினும் மிகக் கனமானதால் விரைந்து தாழும். மேற்பரப்புக் கடினமாதலின் பாறையில் உரசினாலும் எளிதில் தேயாது. கிறெடிற் ஆற்றின் அடித்தளம் தட்டுத் தட்டான கூரிய பாறையாதலால் இப்பண்பு பெரிதும் வேண்டப்படுவது. ஆனால் இது விறைப்பான இழை. முடிச்சை எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்காவிடின், உராய்வின் சூட்டால் முடிச்சிலேயே நலிந்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் முன்னிழையை விரல்களிடையே உருவிப் பார்ப்பேன். சொரசொரப்புத் தட்டினால் வெட்டி எறிந்து புதியது கட்டுவேன். எறிவது பையினுள், ஆற்றில் அன்று.

எத்துணை மெலிதாகக் கட்டலாம் என்பதே எஞ்சிய வினா. அதில் யான் பிடிவாதக்காரன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் மகனோடு ஆற்றுக்குச் சென்றேன். மழையின்றி நீர் தெளிந்து தாழ்ந்திருந்த நாள். மற்றையோர்க்கு மீன் கடிக்கவில்லை. அவன் ஆறு இறாத்தல் முன்னிழை கட்டினான், அடுத்தடுத்துக் கடித்தது. முட்டை நிறைந்த பெண் சினூக் ஒன்று அகப்பட்டது. நூல் அறும் என்னும் அச்சத்தால் தடையை இறுக்க இயலாமல், அம்மீனை ஆற்றின் மேலும் கீழும் நாற்பது நிமிடங்கள் ஓடவிட்டான். கரையை அணைந்தபோது அது பக்கமாய்ச் சாய்ந்து மிதந்தது. விட்டுவிடவே எண்ணியிருந்தான். இருவரும் நீரில் இறங்கி, தலையை நீரோட்டத்தின் பக்கம் திருப்பி, நெடுநேரம் தாங்கிப் பிடித்திருந்தோம். செவுள் இருமுறை அசைந்தது, பிறகு அசையவில்லை. “மாமா, எப்படியும் முட்டையிட்ட பிறகு செத்துப்போற மீன்தானே?” என்று அவன் கேட்டான். ஆம், சினூக் முட்டையிட்டபின் இறந்துபோகும். ஆனால் அது இன்னும் முட்டையிடவில்லை. அதை நான் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது என்பது முகத்திற் புலப்பட்டது.

அன்றிலிருந்து அவனும் என் கட்சி. நீரின் தெளிவு எந்த அளவு தடிப்பைப் பொறுக்குமோ அந்த அளவில் மிக வலியதைக் கட்டுவது எங்கள் முறை. தெளிந்த நீருக்கு 0.25 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள எட்டு இறாத்தல் இழை. அதற்குக் கீழே போவதில்லை. மழைக்குப் பின் நீர் கலங்கி மோர்நிறம் கொண்டால் 0.33 மில்லிமீற்றர் அளவிலான பன்னிரண்டு இறாத்தல். தடிப்பு இருமடங்கானால் வலிமை நான்மடங்காகும் என்பதை நினைவிற் கொண்டால், இச்சிறு வேறுபாடு எத்துணைப் பெரிதென்பது விளங்கும். எட்டிலும் கடிக்காத நாளில் வெறுங்கையுடன் திரும்புவோம். கடைச் சந்தியில் தேநீர் கிடைக்கும்.

அறுந்த நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைலோனாயினும் புளோரோகாபனாயினும் இவை எளிதில் மக்குவன அல்ல. நீர்ப்பறவையின் காலிற் சுற்றினால் சுற்றியபடியே இருக்கும். நம் நாட்டிலே தங்கூசி வலைகள் 2006 ஆம் ஆண்டு விதிகளால் தடைசெய்யப்பட்டமைக்கும், மட்கா வலை கைவிடப்பட்ட பின்னும் மீனைக் கொன்றுகொண்டே கிடப்பது ஒரு காரணம். முன்னிழை மெலிந்திருந்தால் அறும்போது ஆற்றில் விடப்படுவது இரண்டடி. பெருநூலே அறுந்தால் இருபது யாராகவும் இருக்கலாம்.

அண்மையில் ஊர் சென்றபோது இருபது இறாத்தற் புளோரோகாபன் சுருள் ஒன்றை என் மைத்துனருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் விலையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பித் தந்திருப்பார். நகத்தால் கீறிப் பார்த்தார். பல்லாற் கடித்துப் பார்த்தார். வெயிலிற் பிடித்துப் பார்த்து, “நல்ல சாமான் மச்சான்” என்றார். மாலையிற் கிட்டங்கிக்குப் போனோம். அவர் அதனைப் பெருநூலாகவே தம் தடியிற் சுற்றியிருந்தார். நுனியில், முள்ளை அடுத்து ஒரு முழம், கல்முனையில் வாங்கிய தடித்த தங்கூசி.