சேவலும் புறாவும் நின்ற தை மாதம்

பொங்கலுக்கு அடித்த வெள்ளை அந்த வருடம் எங்கள் சுவரில் ஒரு நாள்கூட வெள்ளையாக இருக்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. ஒரே கிணறு, ஒரே முற்றம், நாலு போர்ஷன். அப்பா சுண்ணாம்பு கரைத்து அடித்து முடித்த மறுநாள் விடிந்து பார்த்தால் சுவரின் ஒரு முனையில் உதயசூரியன். சாயங்காலத்துக்குள் அதற்குப் பக்கத்தில் கை. அடுத்த நாள் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு சேவல். மிச்சமிருந்த கிணற்றோரத்து மூலையில் இரட்டைப் புறா. நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். 1989 ஜனவரி.

சூரியனும் கையும் எனக்குத் தெரியும். சேவலும் புறாவும் புதிது. அவை வந்த கதையை நான் காம்பவுண்டுக்குள்ளேயே பார்த்திருந்தேன். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்த செய்தி வந்த காலையில், ஆயாவும் அத்தையும் முற்றத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அவர் தூரத்து மனிதர் இல்லை. ராமாவரம் தோட்டம் எங்களிடமிருந்து சில மைல்தான். 1967இலும் 1971இலும் அவர் நின்று ஜெயித்த பரங்கிமலை, மின்சார ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளி. குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடியே அவர் வென்ற 1967 தேர்தலை ஆயா நேற்று நடந்ததுபோலச் சொல்வாள்.

அந்த இரண்டு பெண்களும் ஒரு மாதத்துக்குள் பிரிந்துபோனார்கள். ஜானகி அம்மாள் மூன்று வாரம் சொச்சம் முதலமைச்சராக இருந்தார், ஆட்சி கலைக்கப்பட்டது, கட்சி இரண்டானது, இரட்டை இலை முடக்கப்பட்டது. ஆயா புறா பக்கம். “புருஷனைப் பறிகொடுத்தவ, அவளுக்கு இல்லாத உரிமையா?” என்பாள். அத்தை ஜெயலலிதாவின் சேவல் பக்கம். “அவரு வெச்ச கட்சியைக் காப்பாத்தத் தெம்பு வேணும். அது அந்தம்மாகிட்டதான் இருக்கு.” ஒரே அடுப்பில் சமைத்தவர்கள், வாக்குவாதம் முற்றிய ஒரு நாளில் குழம்புச் சட்டியைத் தனியாக வைத்தார்கள். அம்மா தலையிட்ட பிறகுதான் அடுப்பு மறுபடி ஒன்றானது.

அப்பா ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்தார். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே சூரியன்தான். எதிர் போர்ஷன் தாத்தா சானடோரியம் ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காமராஜர் படத்துக்குத் தினம் பூ வைப்பவர். மூப்பனார் தலைமையில் காங்கிரஸ் தனியாக நிற்கிறது, ராஜீவ் காந்தி திரும்பத் திரும்பத் தமிழ்நாட்டுக்கு வருகிறார் என்றதும் அவர் நடையிலேயே ஒரு வேகம் வந்துவிட்டது. நாலு சின்னமும் சுவரில் மட்டுமல்ல, கிணற்றடியிலும் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஜனவரி 17 எம்.ஜி.ஆர். பிறந்தநாள். தெருவில் இரண்டு பந்தல். இரண்டிலும் அதே தொப்பி, அதே கறுப்புக் கண்ணாடி, அதே மாலை. கீழே மட்டும் ஒன்றில் சேவல், ஒன்றில் புறா. ஒலிபெருக்கியில் அதே படத்துப் பாட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. நாங்கள் பிள்ளைகள் இரண்டிலும் மிட்டாய் வாங்கினோம். மைக் செட் கட்டிய ஆட்டோ நோட்டீஸை வீசிக்கொண்டே போகும். பின்னாலேயே ஓடிப் பொறுக்குவோம். ஒரு கலர் நோட்டீஸுக்கு இரண்டு கறுப்பு வெள்ளை என்று பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொள்வோம்.

அம்மா ஆசிரியை. வாக்குச்சாவடிப் பணி வந்திருந்தது. போவதற்கு முந்தின இரவு ஆயாவை உட்கார வைத்துச் சீட்டை மடிக்கக் கற்றுக்கொடுத்தாள். பழைய நாள்காட்டித் தாளில் பென்சிலால் ஒரு குறி போட்டு, முதலில் நெடுக்காக மடிக்க வேண்டும், பிறகு குறுக்காக. இல்லையென்றால் முத்திரை மை இன்னொரு சின்னத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும், ஓட்டு செல்லாமல் போய்விடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எந்தச் சின்னம் என்று கேட்கவே இல்லை. ஆயா அந்தத் தாளைப் பத்துத் தடவைக்கு மேல் மடித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு கிழவி தன் ஓட்டு வீணாகிவிடக் கூடாது என்று விளக்கு வெளிச்சத்தில் காட்டிய அந்தக் கவனத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை.

21ஆம் தேதி சனிக்கிழமை. வீட்டில் எல்லோர் விரலிலும் மை. சித்தப்பாவுக்கும் எனக்கும் மட்டும் இல்லை. சித்தப்பா கிழக்குத் தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தார். வயது இருபதைத் தொடவில்லை. ஓட்டுரிமை வயதை 21லிருந்து 18ஆகக் குறைக்கும் சட்டத் திருத்தம் அதற்கு முந்தின மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. ஆனால் மார்ச் 28இல்தான் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதத்தில் தவறிப்போன அந்த ஓட்டுக்காக அவர் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

எண்ணிக்கை நடந்த இரவில் காம்பவுண்டே எங்கள் திண்ணையில் இருந்தது. அப்போது எல்லாம் சீட்டுதான். கட்டுக் கட்டாகப் பிரித்துக் கையால் எண்ணி முடிக்க விடிந்துவிடும். வானொலி தொகுதி தொகுதியாகச் சொல்லச் சொல்ல, சித்தப்பா கோடு போட்ட நீள நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். தாம்பரத்தில் தி.மு.க.வின் எம்.ஏ. வைத்தியலிங்கம் வென்றார். அப்பா தெருவில் இறங்கி வெடி வைத்தார். ஜானகி அம்மாள் ஆண்டிப்பட்டியில் தோற்ற செய்தியும் வந்தது. ஆயா எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அத்தைதான் பின்னால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டாள்.

தி.மு.க. 150 இடம். சேவல் 27. காங்கிரஸ் 26. பதின்மூன்று வருடம் கழித்துக் கலைஞர் மறுபடி முதலமைச்சர். மாநிலமே சூரியன் பக்கம் சாய்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் பேசினார்கள், நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாள் கழித்து, டீக்கடையிலிருந்து வாங்கி வந்த தினத்தந்தியையும் தினமணியையும் திண்ணையில் விரித்து வைத்துக்கொண்டு சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

“நூறு பேர் ஓட்டுப் போட்டாங்கன்னு வெச்சுக்கோ. சூரியனுக்கு 33. சேவலுக்கு 21. கைக்கு 20 கிட்ட. புறாவுக்கு 9. இந்த மூணையும் கூட்டு.”

கூட்டினேன். 50 வந்தது.

“இப்போ இதைப் பாரு,” என்று நோட்டின் பழைய பக்கம் ஒன்றைத் திருப்பினார். 1984. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நடந்த தேர்தல். அப்போது சேவலும் இல்லை, புறாவும் இல்லை. இரட்டை இலையும் கையும் ஒரே அணி. தி.மு.க.வுக்கு அன்றைக்கும் நூற்றுக்கு 29 பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். கிடைத்த இடம் 24. நாலு வருடத்தில் நூற்றுக்கு நாலு பேர் கூடினார்கள், இடம் 24லிருந்து 150 ஆனது. எதிரே இருந்தவர்கள் மூன்றாகப் பிரிந்ததுதான் காரணம். ஒரு தொகுதியில் யாருக்கு அதிகமோ அவருக்கே முழு இடமும் என்ற ஏற்பாட்டில், இரண்டாவதாக வந்தவரின் ஓட்டு ஐம்பதாயிரமாக இருந்தாலும் சட்டமன்றத்துக்குள் அதற்கு நாற்காலி இல்லை. அன்று எனக்கு இவ்வளவும் புரியவில்லை. ஆயா அத்தனை கவனமாக மடித்த சீட்டு அந்த 9க்குள் இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

எங்கள் தெருக்கோடியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாடகைக்கு இருந்த ஒரு அண்ணன், மாலையில் இலங்கை வானொலி கேட்கச் சித்தப்பாவிடம் வருவார். அந்த பிப்ரவரி 15 அன்று இலங்கையிலும் பொதுத்தேர்தல். கொலையும் மிரட்டலும் நிறைந்த காலம். அவரால் ஊருக்குப் போய் ஓட்டுப் போட முடியாது. ஆனால் அந்தத் தேர்தலில்தான் அங்கே விகிதாசார முறை முதல்முறையாக வந்தது. “தம்பி, 77இல நடந்ததைக் கேளும்,” என்று அவர் சொன்ன கணக்கைச் சித்தப்பா அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பாதி ஓட்டு, 168இல் 140 இடம். சுதந்திரக் கட்சிக்கு நூற்றுக்கு 30 அளவில் ஓட்டு, இடம் எட்டு. வடக்கிலும் கிழக்கிலும் ஓட்டுச் சேர்ந்து விழுந்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு நூற்றுக்கு ஏழுகூட இல்லை, இடம் 18. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். ஓட்டு எவ்வளவு என்பதைவிட எங்கே விழுந்தது என்பது பெரிதாகிவிடுகிறது. புதிய முறையில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய அதே பாதி ஓட்டை வாங்கியது. இந்த முறை 225இல் 125 இடம்தான்.

அதே வருடம் நவம்பரில் மக்களவைத் தேர்தல். பிரிந்தவர்கள் பிப்ரவரியிலேயே சேர்ந்துவிட்டார்கள், இரட்டை இலை திரும்பி வந்துவிட்டது, காங்கிரஸோடு கூட்டணியும் வந்துவிட்டது. ஆயாவும் அத்தையும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். ஆனால் தாம்பரம் அடங்கிய தென்சென்னை, காங்கிரஸுக்குப் போய்விட்டது. வேட்பாளர் வைஜயந்திமாலா, எதிரே தி.மு.க.வின் ஆலடி அருணா. இலை திரும்பியும் இலைக்குக் குத்த முடியாமல் இருவரும் கைக்குக் குத்தினார்கள். ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் ஆடிய பெண்ணுக்குத்தானே போடுகிறோம் என்று ஆயா தேற்றிக்கொண்டாள். சித்தப்பா தன் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு வந்து, விரல் மையை என்னிடம் காட்டினார்.

வைஜயந்திமாலா வென்றார். தமிழ்நாட்டின் 39 இடங்களில் காங்கிரஸ் 27, அ.தி.மு.க. 11, நாகப்பட்டினத்தில் இந்திய கம்யூனிஸ்ட் ஒன்று. பத்து மாதத்துக்கு முன் 150 இடம் பிடித்த தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. மாநிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு அதற்கு விழுந்திருந்தது. அந்த வருடம் தொடங்கிய பா.ம.க.வும் லட்சக்கணக்கில் ஓட்டு வாங்கி வெறுங்கையோடு நின்றது. அப்பா திண்ணைக்கே வரவில்லை. ஜனவரியில் ஆயா படுத்த அதே அறையில் படுத்திருந்தார். தோற்றுப்போன ஓட்டின் வலி எந்தக் கட்சிக்காரருக்கும் ஒன்றுதான் என்று அந்த ஒரே வருடத்தில் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

பிறகு வந்தவை தெரிந்தவைதான். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991இல் தி.மு.க.வுக்கு நூற்றுக்கு 22, சட்டமன்றத்தில் இரண்டே இடம். 1996இல் அ.தி.மு.க.வுக்கு நூற்றுக்கு 21, இடம் நான்கு. 1989இல் சேவலுக்கும் அதே 21தான்; அன்றைக்கு அது 27 இடம். 2024இல் அ.தி.மு.க. 20, பா.ஜ.க. 11, நாம் தமிழர் 8. மூன்றுக்கும் தமிழ்நாட்டில் மக்களவை இடம் பூஜ்யம். எந்தக் கட்சி என்பதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், பத்துப் பேரில் நாலு பேர் சார்பில் டெல்லிக்குப் போக ஆளே இல்லை.

எங்கள் பக்கமும் மாறிவிட்டது. தொகுதி மறுவரையறைக்குப் பின் தாம்பரம் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதிக்குள் போனது. பல்லாவரமும் சோழிங்கநல்லூரும் வேளச்சேரியும் தனித் தொகுதிகளாயின. 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரின் வாக்காளர்கள் ஆறு லட்சத்துக்கு மேல்; அதே நகரத்தில் துறைமுகம் தொகுதிக்கு இரண்டு லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் ஒவ்வொரு எம்.எல்.ஏ. கடற்கரைக்குப் போகும் ரயிலில் ஒரே பெட்டியில் நிற்கும் இரண்டு பேரின் ஓட்டுக்கு இவ்வளவு எடை வித்தியாசம் இருப்பது நியாயமே இல்லை.

இதற்கு வழி யாருக்கும் தெரியாமல் இல்லை. மக்களவை இடங்களை நான்கில் ஒரு பங்கு கூட்டி, அந்தக் கூடுதல் இடங்களைக் கட்சிகள் வாங்கிய ஓட்டின் விகிதப்படி நிரப்பலாம் என்று சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில் 1999லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. தொகுதிக்காரரும் இருப்பார், தோற்றவர்களின் ஓட்டுக்கும் இடம் இருக்கும். நிலையான ஆட்சி போய்விடும் என்று பயப்படுபவர்களுக்கும் அந்தக் கலப்பு முறை பதில் வைத்திருக்கிறது. எந்தப் பெரிய கட்சியும் அதைக் கையில் எடுக்கவில்லை. தோற்றபோது பேசியவர்கள் வென்றதும் விட்டுவிட்டார்கள். அடுத்த முறை உங்கள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், அவர் எந்தச் சின்னமானாலும், இந்த அறிக்கையைப் பற்றி உங்கள் கட்சி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.