ஆண்டவர் இல்லமும் காப்பீடும்

பழைய ஆலயக் கட்டடம் ஒன்றை விலைக்கு வாங்க நம் பங்கு மக்கள் எண்ணியபோது, "ஆண்டவர் இல்லத்திற்குக் காப்பீடு எதற்கு?" எனப் பெரியோர் சிலர் வினவினர். அவர்தம் விசுவாசத்தை வணங்குகிறோம். ஆயினும், 1163-இல் கட்டத் தொடங்கிய பாரிஸ் நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பற்றியதை மறத்தற்கியலுமோ? அதன் மரக்கூரையும் கூர்ங்கோபுரமும் சில மணி நேரத்தில் அழிந்தன. அதன் உரிமையாளர் பிரெஞ்சு அரசு. இழப்பை அரசே ஏற்பதால் கட்டடத்திற்குக் காப்பீடு இல்லை. உலகெங்குமிருந்து நன்கொடை குவிந்தது. 2024 டிசம்பரில் கதவுகள் மீண்டும் திறந்தன.

நம் சிற்றாலயம் எரிந்தால் எந்த அரசு வரும்? எவர் பொருள் குவிப்பர்?

ஆதலின், வாங்குமுன் மின்கம்பிகளையும் கூரை மரங்களையும் இடிதாங்கியையும் தக்க பொறியாளர் ஆராயட்டும். தீயணைப்புக் கருவிகளும், திருவிழாக் கூட்டம் தடையின்றி வெளியேறும் வழிகளும் அமையட்டும். காப்பீட்டுத் தொகையை வாங்கிய விலையைக் கொண்டு கணக்கிடாது, மீண்டும் கட்டும் செலவைக் கொண்டே கணக்கிடுவோம். பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்தால், பொதுவாக இழப்பிலும் பாதியே கைக்கு வரும்.

ஏழைக் கைம்பெண்ணின் காசும் கலந்து நிற்கப்போகும் சுவர்கள் அவை. விழிப்புடன் காப்போமாக!