ரெண்டு பாஸ்டியர், ஒரு சிதம்பரம்

பழைய பெரிய கப்பல்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சா ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வரும். கடல் தாண்டி ஆளேத்திட்டுப் போன கப்பல், ப்ளேன் வந்ததும் வேலை போய், உல்லாசக் கப்பலா வேஷம் மாத்தி, கடைசியில பழைய இரும்பு விலைக்குப் போகும். 1939-ல தயாரான 'பாஸ்டியர்'ங்கிற பிரெஞ்சுக் கப்பலும் அப்படித்தான். போர்ல சிப்பாய்களைச் சுமந்துச்சு. 1959-ல 'பிரெமென்'ங்கிற பேர்ல ஜெர்மன் கொடியோட அட்லாண்டிக்ல ஓடுச்சு. 1972-ல கிரேக்கக் கம்பெனி கைக்குப் போய் உல்லாசக் கப்பல் ஆச்சு. 1980-ல உடைக்க இழுத்துட்டுப் போறப்போ இந்தியப் பெருங்கடல்லயே மூழ்கிப் போச்சு.

அதே பேர்ல ஒரு தம்பி உண்டு. (குன்னூர்ல நாய்க்கடி ஊசி தயாரிச்ச இன்ஸ்டிடியூட்டுக்கும் இதே விஞ்ஞானி பேர்தான். மனுஷனுக்கு நம்ம பக்கம் ராசி!) ஆஸ்திரேலியாவுக்குன்னு ஆரம்பிச்சு, கட்டி முடிக்கறதுக்குள்ளேயே ரூட்டு மாறி, 1966-ல தென் அமெரிக்காவுக்குக் கிளம்பின கப்பல். கம்பெனி, மெஸ்ஸாஜெரி மாரிதீம். எங்க காரைக்கால்ல பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்துல சைகோனுக்குக் கப்பல் விட்ட அதே கம்பெனி. பயணிகள் நானூத்திச் சொச்சம் பேர், எல்லாருக்கும் கேபின்.

எழுபதுகள்ல ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா இதை வாங்கி 'சிதம்பரம்'னு பேர் வச்சுச்சு. அண்ணன் உல்லாசத்துக்குப் போக, தம்பி நேர் எதிரா கூலி வேலைக்கு வந்தான்! உள்ளே அடுக்குப் படுக்கை போட்டு, ஆயிரம் பேருக்கு மேல ஏறுற மாதிரி மாத்திட்டாங்க. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓட்டம். நாகையில கப்பல் கரைக்கு வராது. தூரத்துல நிக்கும். மக்கள் படகுல போய் ஏறணும்.

சிங்கப்பூர்ல வேலை பார்த்த எங்க தாத்தா இந்தக் கப்பல்லதான் வருவார், போவார். பயணத்தைப் பத்திக் கேட்டா, தகரப் பெட்டியை யாரும் மாத்தி எடுத்துடாம காவல் காத்ததைத்தான் சொல்லுவார்.

1985 பிப்ரவரி 12, சிங்கப்பூர்லேர்ந்து மெட்ராஸ் வர்ற வழியில, வங்காள விரிகுடாவில தீப்பிடிச்சுது. முப்பது பேருக்கு மேல இறந்தாங்க. தாத்தா அந்த நடைக்கு லீவு கேட்டிருந்தார். கிடைச்சுதா இல்லையான்னு வீட்டுல யாருக்கும் தெரியாது. ஃபோன் கிடையாது. ரேடியோவுல கப்பல் பேர் சொன்னதுலேர்ந்து அப்பாயி சாப்பிடலையாம். மூணாம் நாள் தந்தி வந்துச்சு: லீவு கிடைக்கல. அப்பாயி அந்தத் தந்திக் காகிதத்தைச் சாமி மாடத்துல வச்சிருந்தாங்க.

கப்பல் மறுபடி பயணிகளை ஏத்தல. அதே வருஷம் உடைக்க வித்துட்டாங்க. நாகை - சிங்கப்பூர் கப்பல் ஓட்டமும் அதோட சரி.

வெள்ளைக்காரக் கப்பல் ரசிகர்கள் எழுதினதைப் பார்த்தா, பாஸ்டியருக்கு ரெண்டு பக்கம், சிதம்பரத்துக்கு ஒத்தை வரி: இந்தியாவுக்கு வித்தது, எரிஞ்சது. எனக்குப் படிச்சப்போ கடுப்பா இருந்துச்சு. தென் அமெரிக்கா ஓட்டம் ஆறேழு வருஷம்தான். நம்மாளுங்க ஏறினது அதைவிட ரொம்ப அதிகம் சாமி.

உங்க வீட்டுப் பெருசுங்க யாராவது சிதம்பரத்துல வந்திருந்தா கேட்டுச் சொல்லுங்க மக்கா. நாகையில படகுலேர்ந்து கப்பலுக்கு எப்படி ஏறினாங்கங்கிறதையும் சேர்த்துக் கேளுங்க. தாத்தாகிட்ட நான் அதைக் கேட்டு வைக்கல.