முக்கோணத்தின் மூன்றாவது மூலை



விளக்கு வைத்த பிறகு நம் வீடுகளில் யாருடைய குரல் அதிகம் கேட்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? தோட்டத்து லயமானாலும் சரி, செலாயாங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியானாலும் சரி, தொலைக்காட்சியின் குரல்தான். அது ஓய்ந்தால் பிள்ளைகளின் கையிலுள்ள கைத்தொலைபேசி பேசத் தொடங்கிவிடும். கதையோ பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு மாணவி, அவளை விரும்பும் இரண்டு மாணவர்கள். அல்லது ஒரு மாணவன். அவனுக்காகக் கண்ணீர் வடிக்கும் இரண்டு தோழிகள். இதற்கு முக்கோணக் காதல் என்று பெயர்.

பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் கதை பண்ணுவது நேற்று வந்த வழக்கமன்று. விஜய் தொலைக்காட்சி 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’ தொடரை, இன்று பெற்றோராகிவிட்ட பலர் தம் இளமையில் பார்த்திருப்பார்கள். 2022-இல் அதே பெயரில், புதிய பிள்ளைகளோடு அது இணையத்தில் மறுபடியும் வந்தது. அமெரிக்காவிலோ, அண்ணனும் தம்பியும் ஒரே பெண்ணை விரும்பும் ‘தி சம்மர் ஐ டர்ன்ட் பிரிட்டி’ என்னும் தொடர் 2022 முதல் 2025 வரை வெளிவந்தது.

காதலைக் காட்டவே கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. இருபது ஆண்டுகளாகத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தமிழும் கணக்கும் சொல்லிக் கொடுப்பவள் நான். இந்த முக்கோணங்களில் பல கணக்குக்கு ஒத்து வரவில்லை என்பதே என் குறை.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகள் வந்து ஒரு புள்ளியில் முட்டினால் அது முக்கோணமாகாது, வெறும் கோணம்தான். தொடர்களில் நடப்பதும் அதுவே. ஒருவன் அவளைப் பார்க்கிறான்; மற்றவனும் அவளைப் பார்க்கிறான். அவள் ஒரு புள்ளியாக நிற்கிறாள். அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள், படித்து என்னவாக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள்? நூறு நாள் பார்த்தாலும் தெரியாது. பந்தயத்தில் வெல்பவனுக்குக் கொடுக்கும் கிண்ணத்துக்கு மனம் எதற்கு?

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? தொடர் நாள்தோறும் ஓட வேண்டும். ‘அவள் யாரை ஏற்றுக்கொள்வாள்?’ என்ற ஒரே கேள்வியைத் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் ஓட்டலாம். அவள் வாய் திறந்து பதில் சொல்லிவிட்டால் கதை அன்றே முடிந்துவிடும். ஆகவே அவளைப் பேச விடுவதில்லை. பேச வாயெடுக்கும் நேரம் பார்த்து யாராவது மயங்கி விழுவார்கள். கடைசியில் வேண்டாதவனை விபத்தில் சாகடிப்பார்கள். இல்லையென்றால், நேற்றுவரை நல்லவனாயிருந்தவனை ஒரே இரவில் கெட்டவனாக்கிவிடுவார்கள். அவளுக்குத் தேர்ந்தெடுக்கும் வேலையே வராமல் போய்விடும்.

திரைப்படத்திலும் இந்தக் குறை உண்டு. 1996-இல் வந்த ‘காதல் தேசம்’ நினைவிருக்கிறதா? வினீத்தும் அப்பாஸும் நண்பர்கள். இருவரும் தபுவை விரும்புகிறார்கள். முடிவில் அவள் ஒருவரையும் தேர்ந்தெடுக்காமல், நட்போடு நின்றுவிடுகிறாள். அவள் வாயால் ஒரு முடிவு வந்ததே என்று மெச்சலாம். ஆனால் இளைஞர் இருவரின் தவிப்பைக் காட்டிய அளவுக்கு, அந்தப் பெண்ணின் மனத்துக்குள் நடந்ததைப் படம் நமக்குக் காட்டவில்லை. அதனால்தான் அந்த முடிவு மனத்தில் ஒட்டவில்லை.

உண்மையான முக்கோணம் எப்படி இருக்கும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிவார்கள். சிலப்பதிகாரத்தில் மாதவியை இளங்கோவடிகள் கெட்டவளாக்கவில்லை. கடற்கரையில் ஒருவர் பாடிய பாட்டை மற்றவர் தவறாகக் கொண்டதால் பிரிவு வருகிறது. பொருளையெல்லாம் தொலைத்துவிட்டு வீடு திரும்பிய கோவலனிடம் கண்ணகி தன் சிலம்பை நீட்டுகிறாள். அந்தச் சிலம்பே மதுரையில் அவன் உயிருக்கு உலையாகிறது. மாதவியோ மகள் மணிமேகலையோடு துறவு பூணுகிறாள். மூவரில் ஒருவரும் தப்பவில்லை. ஒவ்வொருவர் செய்கைக்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் விலை இருக்கிறது.

1959-இல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய ‘கல்யாணப் பரிசு’ படமும் அப்படித்தான். தான் விரும்பிய பாஸ்கரையே அக்காவும் விரும்புகிறாள் என்று அறிந்த வசந்தி, பாசத்தால் விட்டுக்கொடுக்கிறாள். ஆனால் அக்காவிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லாத அந்த உண்மை மூன்று பேரின் வாழ்வையும் அரித்துவிடுகிறது. தியாகமே ஆனாலும், மறைத்துச் செய்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் படம் அன்றைக்கே சொல்லிவிட்டது.

நம் பிள்ளைகள் இப்போது கொரியத் தொடர்களையும் விரும்பிப் பார்க்கிறார்கள். என் மகள் வற்புறுத்தியதால் ‘ரிப்ளை 1988’ தொடரைப் பார்த்தேன். 2015-இல் தொடங்கி 2016-இல் முடிந்த தொடர் அது. சியோல் நகரத்தில் ஒரே சந்தில் வாழும் குடும்பங்களின் கதை. நம் லயத்தில் குழம்புக் கிண்ணம் வீடு வீடாகப் போய்வருமே, அங்கேயும் அப்படித்தான். அடுத்த வீட்டுப் பெண்ணை விரும்பும் ஒருவன், தன் நண்பனுக்கும் அவள்மீது ஆசை என்று தெரிந்து, வாய் திறக்காமலே நாளைக் கடத்துகிறான். கடைசியில் அவளிடம் போய்ச் சேரத் தாமதமாகிறது. வழியில் தடுத்த சாலை விளக்குகளை அவன் பழிக்கவில்லை. தன் தயக்கமே காரணம் என்று உணர்கிறான். தோற்றவனையும் மனிதனாகக் காட்டினார்கள். அதனால் நம்ப முடிந்தது.

கதைதானே, பொய்யாக இருந்தால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, கணக்கில் கெட்டிக்காரி. அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும்போது இரண்டு பையன்கள் அவள்மீது ஆசை என்றார்கள். பேருந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தார்கள்; கைத்தொலைபேசியில் அவள் படத்தைப் போட்டுக் கவிதை எழுதினார்கள்; ஒருநாள் இருவரும் அடித்துக்கொண்டு மண்டை உடைந்தது. தோட்டம் முழுவதும் அவள் பெயர் அடிபட்டது. பெற்றவர்கள் மானத்துக்குப் பயந்து அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பையன்கள் இருவரும் எஸ்.பி.எம். எழுதினார்கள். அவள் எழுதவில்லை.

இப்போது செலாயாங் மொத்தச் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்கிறாள். சென்ற தீபாவளிக்கு முன் அங்கே அவளைப் பார்த்தேன். விடிவதற்கு முன்பே வந்து நிற்கிறாளாம். வெங்காயம், உருளை, மிளகாய் எல்லாவற்றையும் மனக்கணக்காகவே கூட்டிச் சொன்னாள். ஒரு காசு பிசகவில்லை. பேச்சுவாக்கில் பழைய கதை வந்தது. “ரெண்டு பேரையுமே எனக்குப் பிடிக்கல டீச்சர். அத ஒருத்தரும் என்னைக் கேக்கல,” என்றாள்.

அந்தப் பையன்கள் அடிப்படையில் கெட்டவர்கள் அல்லர். விடாமல் பின்தொடர்ந்தால் பெண் இரங்கிவிடுவாள், எதிரியை அடித்தால் அவள் தனக்கே சொந்தம் என்று தினம் தினம் திரையில் பார்த்து வளர்ந்தவர்கள். பெற்றோரும் அதே கதையைப் பார்த்தவர்கள்தாம். இருவர் சண்டையிட்டால் நடுவில் நிற்பவள்தான் காரணம் என்று அவர்களும் எண்ணிக்கொண்டார்கள்.

திரையில் காதல் என்று காட்டுவதை நம் நாட்டுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒருவரை அச்சப்படுத்தும்படி மீண்டும் மீண்டும் பின்தொடர்வதும், வேண்டாமென்றாலும் விடாமல் தொடர்புகொள்வதும் குற்றம் என்று தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவு சொல்கிறது. 2023-ஆம் ஆண்டு மே 31 முதல் அது நடப்பில் உள்ளது. மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். இதை ஆண் பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்லி வைக்க வேண்டும். பெண் பிள்ளைக்குத் தொல்லை என்றால் காவல் நிலையம் இருக்கிறது. 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணும் இருக்கிறது. பள்ளியை நிறுத்துவது அதற்கு மருந்தாகாது.

தாய்மார்களே, தொலைக்காட்சியை உடைத்துப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இவனுக்கு இவளை ஏன் பிடித்தது? தோற்றவன் இனி எப்படி வாழ்வான்? இதில் அவள் விருப்பம் என்ன?

முதல் இரண்டுக்கும் பிள்ளைகள் ஏதாவது பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் விழிப்பார்கள். விழிக்கட்டும். பிறகு அதே கேள்வியை, நம் வீட்டில் திருமணப் பேச்சு வரும்போதும், ஊரில் வதந்தி கிளம்பும்போதும், நம் பெண்ணிடம் நாமே முதலில் கேட்போம்.